சனிக்கிழமை குதிரைப்படைக்குப் போகணும், ஷூ எது வாங்கறது? அவசரம்

புதுவரவு:
வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஆபீஸ்ல ஒரு சீனியர், ஊர் அணிவகுப்புல போற குதிரைப்படைல வாலண்டியர். "நீயும் வாயேன்"னார், தலையாட்டிட்டேன். சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு லாயத்துல இருக்கணுமாம். குதிரை ஏறினதே இல்லை. ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? விசாவுல சிக்கல் வருமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

பழைய_ரசீது:
எந்த நாடு, என்ன விசா, ஒண்ணுமே சொல்லலையே தம்பி. பிரிட்டன்ல ஸ்கில்டு வொர்க்கர்னா சம்பளமில்லாத தொண்டு வேலைக்குத் தடையில்லை. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு பில் காட்டி வாங்கிக்கலாம். "அணிவகுப்புக்கு இவ்வளவு"ன்னு மொத்தமா கொடுத்தா வாங்காதீங்க, அது சம்பளமா எண்ணப்படலாம்.

குளிர்_எதிரி:
ஷூ கிடக்கட்டும், குளிருக்கு வழி பாருங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் பெரிய ஜாக்கெட்டா ஒண்ணு வாங்கிடறாங்க. உடம்பை ஒட்டின மெல்லிசு துணி ரெண்டு மூணு அடுக்கு போட்டா போதும். ரெண்டு ஜோடி சாக்ஸ் வேண்டாம், ஷூ இறுகி ரத்தம் ஓடாம கால் இன்னும் சில்லிடும். கம்பளிக் கையுறைல லகான் வழுக்கும், உள்ளங்கைல ரப்பர் புள்ளி வச்சது வாங்குங்க.

சும்மா_சொல்றேன்:
பழைய ஆர்மி பூட்ஸ், ஜீன்ஸ் போதும் ப்ரோ. ரொம்ப யோசிக்காதீங்க.

லாயத்து_அக்கா:
ஆர்மி பூட்ஸ் வேண்டவே வேண்டாம். அடிப்பாகம் பள்ளம் பள்ளமா இருக்கும், விழும்போது அங்கவடில (சேணத்துல கால் வைக்கிற வளையம்) மாட்டிக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூவுக்குக் குதிகால் கிடையாது, பாதமே அங்கவடி வழியா உள்ள போயிடும். ரெண்டுலயும் குதிரை ஓடினா ஆளை இழுத்துக்கிட்டுப் போகும். கணுக்காலை மூடின தோல் பூட்ஸ், வழவழ அடிப்பாகம், ரெண்டு ரெண்டரை செ.மீ. குதிகால். இதுதான் கணக்கு. ஜீன்ஸோட உள்தையல் தொடையை உரசிப் புண்ணாக்கும்.

மூணாவது_ஷிஃப்ட்:
இதெல்லாம் இருக்கட்டும், ஒத்திகை வேலை நாள்ல வந்தா லீவு யார் தர்றா? பிரிட்டன்னா சட்டப்படி வருஷத்துக்கு 28 நாள், அதுலயும் அரசு விடுமுறையைக் கழிச்சுக்கலாம். மேனேஜர் கூப்பிட்டா ஓடணும், நாம கேட்டா "பாலிசி பாக்கறேன்".

பழைய_ரசீது:
உண்மைதான். தொண்டு வேலைக்குச் சம்பளத்தோட லீவு தரணும்னு சட்டமே இல்லை, கம்பெனி மனசு வச்சாத்தான். மெயில்ல எழுதி வாங்குங்க, வாய்வார்த்தை நம்பாதீங்க.

குளிர்_எதிரி:
எங்க ஆபீஸ்லயும் இதே கதை. போஸ்டர்ல மட்டும் "சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்போம்".

புதுவரவு:
மன்னிக்கணும், பிரிட்டன்தான், ஸ்கில்டு வொர்க்கர். எடை 94 கிலோன்னு சீனியர்கிட்ட சொன்னேன், "ம்ம்"னார். அது ஏன்?

லாயத்து_அக்கா:
லீவுச் சண்டையை அப்புறம் போடுங்கப்பா, பையன் சனிக்கிழமைக்குக் கேட்கிறான்.

தம்பி, ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரை எடைல சுமார் 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு பொதுவா ஒரு அளவு உண்டு. 500 கிலோ குதிரைன்னா 100 கிலோ. சடங்குச் சேணமும் சீருடையும் சேர்ந்தா உங்களுக்கு அது பத்தாது, 600 கிலோவுக்கு மேல பெரிய குதிரை வேணும். அதான் அந்த "ம்ம்". எப்படியும் முதல் நாள் ஏத்த மாட்டாங்க, கீழ நின்னு செய்யற வேலைதான் இருக்கும்.

பக்கவாட்டுல, தோள்பட்டைப் பக்கமா, பேசிக்கிட்டே கிட்டப் போங்க. நேர் பின்னாடி அதுக்குக் கண் தெரியாது. குளம்பு சுத்தம் பண்ணும்போது கொக்கியைக் குதிகால்லேர்ந்து நுனிப்பக்கமா இழுக்கணும். நடுவுல முக்கோணமா மெத்துனு இருக்கிற இடத்தைக் குத்தாதீங்க, ரெண்டு ஓரத்துப் பள்ளத்துலதான் சாணியும் கல்லும் அடைஞ்சிருக்கும். அழுகல் நாத்தம் வந்தா மூத்தவங்ககிட்ட உடனே சொல்லணும்.

சேணத்தைக் கட்டற வயிற்றுப் பட்டையை ஒரே இழுப்புல இறுக்காதீங்க. சில குதிரை மூச்சை இழுத்து உப்பிக்கும். கொஞ்சம் இறுக்கி, நடத்தி, மறுபடி இறுக்கி, ஆள் ஏறினதும் இன்னொரு தடவை பாக்கணும். விட்டா அணிவகுப்பு நடுவுல சேணம் ஆளோட சரியும்.

பித்தளை பாலிஷ் தோல்ல படக்கூடாது. கடிவாளத்துல வாய்க்குள்ள போற இரும்புக்கு பாலிஷே கூடாது, வெந்நீர்ல கழுவினாப் போதும். நனைஞ்ச தோலை ஹீட்டர் மேல காயப்போட்டா வெடிக்கும்.

சும்மா_சொல்றேன்:
ஹெல்மெட் அவங்களே தருவாங்கல்ல?

லாயத்து_அக்கா:
தருவாங்க, ஆனா உள்ள லேபிள்ல பிஏஎஸ் 015 மாதிரி தரச்சான்று இருக்கான்னு பாருங்க. சைக்கிள் ஹெல்மெட் ஆகாது. ஒரு தடவை பலமா அடிபட்டதை வெளில கீறல் இல்லேன்னாலும் போடக்கூடாது.

பழைய_ரசீது:
டெட்டனஸ் ஊசி போட்ட சீட்டு இருக்கா? இங்க மொத்தம் அஞ்சு டோஸ் கணக்கு. ஜிபிகிட்ட (ஏரியா டாக்டர்) இன்னும் பதியலேன்னா இன்னிக்கே பதிஞ்சிடுங்க, காசில்லை. வாலண்டியர்களுக்கு இன்சூரன்ஸ் உண்டான்னும் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேளுங்க.

லாயத்து_அக்கா:
மோதிரம், கழுத்துல தொங்கற ஆபீஸ் ஐடி ரெண்டையும் கழட்டிட்டுப் போங்க. குதிரையைப் பிடிச்சு நடத்தற கயிறு நீளமா இருந்தா கையில சுத்திக்காதீங்க, மடிச்சுப் பிடிங்க. குதிரை வெட்டி இழுத்தா விரல் போயிடும்.