சொந்தமா அசெம்பிள் பண்ண பிசில லினக்ஸ் ஏறாம நின்ன அனுபவம், உங்களுக்கு எப்படி?

#1
ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. பார்ட்ஸ் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி நானே மாட்டினது, ஒரு எஸ்எஸ்டில விண்டோஸ் 11, இன்னொண்ணுல உபுண்டு 22.04ங்கிற லினக்ஸ் போடணும். பென்டிரைவ்ல பூட் பண்ணா, எதை ஏத்தணும்னு கேக்கிற க்ரப் மெனு வருது, என்டர் தட்டினா ஸ்கிரீன் கருப்பு. கேபிள் மாத்தினேன், பக்கத்து வீட்டு மானிட்டர் வாங்கிட்டு வந்து மாட்டினேன், அதே கருப்பு. ராத்திரி ஒண்ணரை மணிக்கு கை சும்மா இருக்காம நம்லாக்கை தட்டினேன், கீபோர்டு லைட் அணைஞ்சுது, திரும்ப தட்டினா எரிஞ்சுது. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு, மெஷின் உள்ள ஓடிட்டுதான் இருக்கு, படம் மட்டும்தான் வரல. க்ரப்புல 'இ' (e) கீ அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில, கிராபிக்ஸ் டிரைவரை விட்டுட்டு சாதாரண டிஸ்ப்ளேல ஓடுன்னு சொல்ற நோமோட்செட் (nomodeset) சேத்து எஃப்10 அடிச்சேன், பெரிய பெரிய எழுத்தா வந்துருச்சு. அதோட முடியல, கிராபிக்ஸ் டிரைவர் போடும்போது ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லுச்சு, வச்சேன், ரீபூட்ல நீல ஸ்கிரீன் ஒண்ணு பத்து செகண்ட் எண்ணிட்டு போயிடுச்சு, நான் தண்ணி குடிக்க எழுந்து போயிருந்தேன். எம்ஓகே கீயை, அதாவது இதை நம்புன்னு மெஷின்ல நாமளே பதியுற சாவியை, என்ரோல் பண்ற இடமே அதுதானாம். கீ ஏறலன்னா நம்பகமான கையெழுத்து இல்லாததை ஓட விடாத செக்யூர் பூட் ஆன்ல இருக்கிற வரைக்கும் அந்த டிரைவரை கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி, உள்ள விடாது. மோக்யூட்டில்ங்கிற கமாண்டுல மறுபடி இம்போர்ட் குடுத்து, ஸ்கிரீனை விட்டு கண்ணை எடுக்காம உக்காந்துதான் முடிச்சேன்.

#2
எனக்கு நடந்தது வேற. லினக்ஸுக்குன்னு புது என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கி மதர்போர்டுல ரெண்டாவது எம்.2 ஸ்லாட்ல மாட்டினேன். இன்ஸ்டாலர்ல புது டிஸ்க் இருக்கு, பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். அக்கா கல்யாண போட்டோ, அப்பா இருந்தப்ப எடுத்த வீடியோ எல்லாம் அதுலதான். மதர்போர்டோட செட்டிங்ஸ் பக்கமான பயாஸ்லயும் இல்ல. டிஸ்க் மேல கை வச்சுப் பாத்தேன், சுத்துற அதிர்வு தெரியுது, ஆனா எந்த லிஸ்ட்லயும் பேர் இல்ல, அந்த அரை மணி நேரத்தை இப்ப நினைச்சாலும் வயித்தைப் பிசையுது. அப்புறம் மதர்போர்டு மேனுவலை எடுத்தா உள்ள ஒரு டேபிள்ல போட்டிருக்கான், அந்த ஸ்லாட்ல டிஸ்க் போட்டா ஹார்ட் டிஸ்க் கேபிள் சொருகுற சாட்டா போர்ட் 5, 6 வேலை செய்யாது, ரெண்டுக்கும் டேட்டா போற பாதை ஒண்ணுதான்னு. கேபிளை சாட்டா 1க்கு மாத்தினேன், வந்துருச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

#3
#1 அண்ணா, நோமோட்செட் தீர்வு இல்ல, அப்போதைக்கு உள்ள நுழைய ஒரு வழி, அவ்வளவுதான். டிரைவர் ஏறினதும் அதை க்ரப்ல இருந்து எடுத்துடுங்க. செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணியிருந்தா அந்த நீல ஸ்கிரீன் அலைச்சலே இல்ல. என் கதை சின்னது: பழைய பென்டிரைவ்ல இருந்த உபுண்டு 18.04ஐ புது போர்டுல போட்டேன், 2.5 கிக் லேன் (நெட் கேபிள்) போர்ட்ல லைட் மினுக்குது, நெட் இல்ல, அந்த 4.15 கெர்னலுக்கு அந்த சிப்பே தெரியாது. போனை யுஎஸ்பில சொருகி, போன் நெட்டை பிசிக்கு குடுக்கிற டெதரிங் ஆன் பண்ணேன், டிரைவரே கேக்காம நெட் வந்துருச்சு. இனிமே போடுறவங்களுக்கு சொல்றேன், முதல்ல இன்ஸ்டால் தட்டாதீங்க, பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லைவ்ல பூட் பண்ணி சவுண்டு, வைஃபை, ஸ்லீப் போட்டு எழுப்புறது வரைக்கும் பாருங்க. டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ -என்என்கே (lspci -nnk) குடுங்க, சிப் லிஸ்ட் வரும், எந்த சிப்புக்குக் கீழ 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லையோ அது பிரச்சனை பண்ண வாய்ப்பு இருக்கு. கெர்னலோட லாக் காட்டுற டிஎம்எஸ்ஜில (dmesg) ஃபர்ம்வேர்னு (firmware) தேடுங்க, சிப்புக்குள்ள ஏத்துற அந்த ஃபைல் இல்லன்னா பேரோட சொல்லும். டெபியன்ங்கிற இன்னொரு லினக்ஸ் போடுறவங்க பழைய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் இமேஜ்) வச்சு மல்லுக்கட்டாதீங்க, 2023 ஜூன்ல வந்த 12ல இருந்து ஃபர்ம்வேர் அபிஷியல் இமேஜ்லயே இருக்கு. பார்ட்ஸ் ரொம்ப புதுசுன்னா கெர்னலும் புதுசா வேணும், 22.04லயே இருக்கணும்னா புது ஹார்டுவேருக்குன்னு உபுண்டு தர்ற எச்டபிள்யூஇ கெர்னல் போடுங்க.

#1
தம்பி, நோமோட்செட்டை அன்னைக்கே எடுத்துட்டேன். செக்யூர் பூட்டை ஆஃப் பண்ண முடியாது, விண்டோஸ் பக்கம் டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் இருக்கு, செக்யூர் பூட்டைத் தொட்டா ரிக்கவரி கீ கேட்டு நிக்கும், அந்த விண்டோஸ்லதான் ஆபீஸ் வேலை கிடக்கு. உங்களுக்கு ஒத்து வந்தது எல்லாருக்கும் ஒத்து வராது. யுஎஸ்பி டெதரிங் மட்டும் நிஜமாவே தெரியாது, நன்றி.

#4
இன்ஸ்டால் பாதில நிக்குது, ஒரு தடவை 40 சதவீதத்துல, ஒரு தடவை 70ல, ஒவ்வொரு தடவையும் வேற எரர். டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகை, நாலு மாத்தினேன். கடைசில ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட விட்டு தூங்கிட்டேன், காலைல எழுந்து பாத்தா ஸ்கிரீன் முழுக்க சிவப்பு வரி. ரேமை அதிக ஸ்பீட்ல ஓட்டுற எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆஃப் பண்ணதும் வரியும் இல்ல, எரரும் இல்ல. ரேமை அதோட முழு ஸ்பீட்ல ஓட்ட ஆசை, வோல்டேஜ் ஏத்தலாமா, இல்ல ஒரு ஸ்டிக்கை மாத்தணுமா, யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?