மிலிட்டரி மெடல் (எம்.எம்.): விளிம்பு எண்ணும் ஜோடிப் பதக்க எண்ணும் ஒத்துப்போகவில்லை, போலியா?

விளிம்பெழுத்து:
முதல் உலகப் போர்க் கால எம்.எம். (சிப்பாய்களின் வீரத்துக்காக பிரிட்டன் கொடுத்த வெள்ளிப் பதக்கம்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் தலை. வாங்கியவர் பிரிட்டிஷ் டெரிட்டோரியல் (பகுதிநேரத் தொண்டர் படை) காலாட்படைக்காரர். எம்.எம். விளிம்பில் அவருடைய படை எண் 4 இலக்கம், கூட வரும் பிரிட்டிஷ் வார் மெடலில் (போரில் பணியாற்றியதற்கான பதக்கம்) 6 இலக்கம். லண்டன் கெசட்டில் (பிரிட்டிஷ் அரசிதழ்) 1916 கடைசியில் பெயர் இருக்கிறது, ஆனால் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. வாங்கலாமா? விவரம் எங்கே தேடுவது?

பழங்காசு:
எண் மாறியிருப்பது நல்ல அறிகுறிதான் சார். 1917 தொடக்கத்தில் டெரிட்டோரியல் படையினர் எல்லாருக்கும் 6 இலக்கத்தில் புது எண் கொடுத்தார்கள். அதற்கு முன் கெசட்டில் வந்த எம்.எம்.இல் பழைய எண்தான் இருக்கும். வார் மெடல் போர் முடிந்து அடித்தது, அதில் புது எண். 1916 விருதில் 6 இலக்கம் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

கெசட்டில் காரணம் தேடாதீர்கள். முதல் உலகப் போருக்கு மட்டும் 1,15,000க்கு மேல் எம்.எம். கொடுத்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டியலோடு சரி. பரிந்துரைத் தாள்கள் 1940 குண்டுவீச்சில் போய்விட்டன. சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 372 வரிசையில் பதக்க அட்டை இருக்கும். அதில் கெசட் தேதியோடு ஷெட்யூல் (விருதுப் பட்டியல்) எண்ணும் பாருங்கள். அதே ஷெட்யூலில் அதே பட்டாலியன்காரர்கள் நாலைந்து பேர் இருந்தால், எல்லாருக்கும் ஒரே சண்டைக்காகக் கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அதே காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு. கெசட் தேதியிலிருந்து மூன்று நான்கு மாதம் பின்னோக்கிப் போய்ப் படியுங்கள். சில அட்ஜுடன்ட்கள் (பட்டாலியனின் நிர்வாக அதிகாரிகள்) விருது வாங்கியவர் பெயரை மாதக் கடைசியில் எழுதிவைப்பார்கள். சிலர் ‘மழை, வழக்கமான வேலை’ என்பதோடு முடித்துவிடுவார்கள். அது உங்கள் அதிர்ஷ்டம்.

வெர்னியர்:
காகிதம் சரியாக இருந்தாலும் உலோகத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விட்டம் 36 மி.மீ. பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் அடித்திருந்தால் அந்த இடத்தில் விளிம்பு பள்ளமாகும். காலிப்பரை நாலைந்து திசையில் வைத்து அளந்து பாருங்கள், ஒரு திசையில் மட்டும் குறைந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். எல்லாத் திசையிலும் ஒரேபோல் குறைந்து, எழுத்தின் ஓரம் மழுங்கி, ஊசிமுனைத் துளைகளும் தெரிந்தால் அது அச்சில் வார்த்த நகல். வார்த்த வெள்ளி ஆறும்போது சுருங்கும்.

10 மடங்கு லென்ஸில் எழுத்தைப் பாருங்கள். முதல் உலகப் போர் எம்.எம்.இல் எழுத்து குத்தி அடித்தது, அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். உளியால் செதுக்கிய வி வடிவக் கீறல் என்றால் சந்தேகம்தான். ரிப்பன் (கருநீலம், நடுவே வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை) புதிதாக இருந்தால் கவலை வேண்டாம், எல்லாரும் மாற்றுவதுதான். பழசு என்று சொல்லி விலை ஏற்றினால் மட்டும் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். வெள்ளை நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் பிற்கால நூல்.

கடற்கரைச்சாலை:
பெயரே இல்லாத எம்.எம். வந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம். பிரெஞ்சு, பெல்ஜியம் போன்ற நேச நாட்டுச் சிப்பாய்களுக்குப் பெயர் அடிக்காமலே கொடுத்தார்கள். ஆனால் அதை யாருடையது என்று நிரூபிக்க முடியாது, விலையும் அதற்குத் தக்கபடிதான்.

ஆஸ்திரேலியக் காலாட்படைக்காரர் என்றால் வேலை சுலபம். பரிந்துரைகள் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திடம் பத்திரமாக இருக்கின்றன, இணையத்திலேயே படிக்கலாம். எம்.எம்.இல் மூன்று பார் (அதே விருது மறுபடி கிடைத்ததற்கான பட்டை) வாங்கிய ஒரே ஆள், ஸ்ட்ரெச்சர் தூக்கிய எர்னஸ்ட் கோரி, அந்தப் படைதான்.

வாங்கினால் விபூதி, புளி, பற்பசை எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் தேய்வது விளிம்பு எழுத்துதான்.

விளிம்பெழுத்து:
நன்றி. காலிப்பரோடு போய்ப் பார்க்கிறேன். கெசட் தேடலில் பெயர் போட்டால் வரமாட்டேன் என்கிறதே?

பழங்காசு:
பழைய அச்சை மென்பொருள் தப்பாகப் படித்திருக்கும். விளிம்பு எண்ணை மட்டும் போட்டு, அட்டையில் உள்ள தேதிக்கு முன்பின் ஒரு வாரம் வைத்துத் தேடுங்கள்.