யப்: கைபேசி, மின்னஞ்சல் இரண்டில் ஒன்று போதும் என்று எழுதினால் "சைக்ளிக் டிபென்டென்சி" வருகிறது

கேள்வி

அக்காவின் தையல் கடைக்கு ஆர்டர் ஃபார்ம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கம் ரியாக்ட்டில், நிரப்பியதைச் சரிபார்க்க யப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. ஃபார்ம் வேலைகளைக் கவனித்துக்கொள்ளும் ஃபார்மிக் லைப்ரரி எல்லாம் இல்லை. மதிப்புகளை ரியாக்ட்டின் ஸ்டேட்டில் வைத்து, யப்பின் சரிபார்ப்பு ஃபங்ஷனான வேலிடேட்டை நானே கூப்பிடுகிறேன். பெயர், கைபேசி, மின்னஞ்சல், ட்ரையல் தேதி, டெலிவரி தேதி என ஐந்து கட்டங்கள்.

உள்ளூர்க்காரர்கள் கைபேசி எண் மட்டும் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து ப்ளவுஸ் அளவு அனுப்பும் சொந்தக்காரர்கள் மின்னஞ்சலோடு சரி. அதனால் கைபேசிக்கு, மின்னஞ்சல் காலியாக இருந்தால் கட்டாயம் என்று வென் (இன்னொரு கட்டத்தைப் பார்த்து விதியை மாற்றும் யப் வசதி) போட்டேன். மின்னஞ்சலுக்கும் அதையே திருப்பிப் போட்டேன். பக்கம் திறந்ததுமே கன்சோலில் "சைக்ளிக் டிபென்டென்சி" (சுழல் சார்பு) என்று சிவப்பாக நிற்கிறது. ஏதாவது ஒரு வென்னை எடுத்தால் ஓடுகிறது. ராத்திரி ஒன்றரை மணி வரை உட்கார்ந்தும் பிடிபடவில்லை. டெலிவரி தேதிக்கு ரெஃப் (இன்னொரு கட்டத்தின் மதிப்பைச் சுட்டுவது) வைத்து ட்ரையல் தேதியைக் காட்டியது மட்டும் ஒழுங்காக இருக்கிறது.

பதில் 1

வென், ரெஃப் இரண்டையும் பார்த்துத்தான் எந்தக் கட்டம் முதலில் என்று யப் வரிசை போடும். தேதியில் சார்பு ஒரு பக்கம்தான், பிரச்சினை இல்லை. இங்கே கைபேசி மின்னஞ்சலைக் கேட்கிறது, மின்னஞ்சல் கைபேசியைக் கேட்கிறது. கட்டங்களின் விதிகளை எழுதும் ஷேப்புக்கு இரண்டாவதாக ஓர் அரே (பட்டியல்) கொடுத்து, அதற்குள் கைபேசி, மின்னஞ்சல் பெயர்களை ஜோடியாக இன்னோர் அரேயில் வையுங்கள். இந்த ஜோடியை வரிசைப்படுத்தாதே என்று அர்த்தம்.

பதில் 2

அது ஓடும். ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த ஜோடி எதற்கு என்று உங்களுக்கே மறந்துபோகும். நானாக இருந்தால் இரண்டு வென்னையும் தூக்கிவிட்டு, கைபேசியில் மட்டும் ஒரு டெஸ்ட் (சொந்தமாக எழுதும் சரிபார்ப்பு ஃபங்ஷன்) எழுதுவேன். அதற்குள் திஸ் டாட் பேரன்ட் வழியாகப் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை எடுக்கலாம். இரண்டில் ஒன்று இருந்தால் ட்ரூ. சார்பு என்று எதுவும் பதிவாகாது, சுழலும் வராது. => போட்டு எழுதும் ஆரோ ஃபங்ஷனாக மட்டும் எழுதாதீர்கள், திஸ் கிடைக்காது. நான் ஒரு மத்தியானத்தையே அதில் தொலைத்திருக்கிறேன்.

கேட்டவர்

சுழல் போய்விட்டது, நன்றி. இப்போது வேறு தலைவலி. மின்னஞ்சலை மட்டும் நிரப்பினால், காலியாக இருக்கும் கைபேசிக்கு "10 இலக்க எண் தேவை" என்கிறது. கைபேசியை மட்டும் நிரப்பினால் மின்னஞ்சல் வாயே திறப்பதில்லை. அப்புறம், மூன்று தப்பு இருந்தாலும் ஒன்றைத்தான் காட்டுகிறது.

பதில் 2

உங்கள் ஸ்டேட்டில் காலிக் கட்டம் என்பது வெற்று ஸ்ட்ரிங். மின்னஞ்சல் சரிபார்ப்பு வெற்று ஸ்ட்ரிங்கைத் தானாகவே விட்டுவிடும். இலக்கங்களைப் பார்க்க நீங்கள் எழுதிய மேட்சஸ் (வடிவத்தோடு ஒப்பிடும் விதி) விடாது. மேட்சஸில் எக்ஸ்க்ளூட் எம்ப்டி ஸ்ட்ரிங் என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள். ஃபார்மிக் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியவே வராது, அது வெற்று ஸ்ட்ரிங்கை அன்டிஃபைண்ட் (மதிப்பே இல்லை) ஆக்கித்தான் யப்பிடம் கொடுக்கும்.

இரண்டாவது, அபார்ட் எர்லி என்ற ஆப்ஷன். சும்மா விட்டால் ட்ரூ, முதல் தப்பிலேயே நின்றுவிடும். வேலிடேட்டைக் கூப்பிடும்போது ஃபால்ஸ் கொடுங்கள். கேட்ச்சில் வரும் எரரின் இன்னர் அரேயில் ஒவ்வொரு தப்புக்கும் பாத் (கட்டத்தின் பெயர்), மெசேஜ் இருக்கும். ஒரே கட்டத்துக்கு இரண்டு மெசேஜ் வந்தால் முதலாவதை மட்டும் காட்டுங்கள்.

கேட்டவர்

எல்லாம் வந்துவிட்டது. அக்கா இப்போது மின்னஞ்சல் கட்டத்தில் கைபேசி எண்ணைப் போட்டு, ஏன் சிவப்பாகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.