6 மணிக்கு மேல் டீ கூடாதாம்!

கோத்தகிரிக்காரி: "தனிமையை விரும்பும் இன்ட்ரோவர்ட்டுகள் மாலை 6 மணிக்கு மேல் டீயைத் தொடக்கூடாது, வெந்நீர் குடித்துவிட்டு இருட்டிய பின் தனியாக நடந்தால் மனம் அடங்கும்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல். நாள் முழுக்க ஆட்களோடு பேசித் தொலைத்துவிட்டு வந்து, கதவைச் சாத்தி, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு 7 மணிக்கு ஒரு டீ போட்டு உட்காருகிறேன். அதில் கை வைக்க இவர் யார்?

ஊட்டி வாசி: எழுதியது நான்தான் அக்கா. டீயில் இருக்கும், தூக்கத்தை விரட்டும் கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 7 மணி டீ என்றால் நடுராத்திரியிலும் பாதி உள்ளேதான். இலையை நசுக்கிக் குருணையாக்கிய நம்மூர் சிடிசி தூளில் சாயம் வேறு சட்டென்று இறங்கும்.

கோத்தகிரிக்காரி: காபியில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் டீயில். ஜனவரி உறைபனியில் வெந்நீரோடு உட்காரச் சொல்கிறீர்களா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்திருக்கிறோம், டீயைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

ஊட்டி வாசி: பறிப்பதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தைக் கஃபீன் பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

குன்னூர் தம்பி: டீயை விடுங்கள். இருட்டில் தனியாக நடக்கவா? எங்கள் பக்கம் காட்டெருமை ரோட்டிலேயே நிற்கிறது, கோத்தகிரிப் பக்கம் கரடி. வீட்டுக்குள் ஸ்வெட்டர் பின்னினாலே மனம் அடங்கும்.

ஊட்டி வாசி: இங்கே டவுனில் தெருவிளக்கு எரிகிறது தம்பி. குன்னூர்க்காரர்களுக்கு ஊட்டி என்றாலே இளக்காரம், போன மாதம் பிஸ்கட் மாதிரி மொறுமொறுவென்று இருக்கும் வர்க்கி விஷயத்திலும் இதே பேச்சுதான். 2023ல் புவிசார் குறியீடு ஊட்டி வர்க்கி என்றுதானே கிடைத்தது?

கோத்தகிரிக்காரி: அந்த வர்க்கியை எதில் தொட்டுச் சாப்பிடுவீர்கள், வெந்நீரிலா?

குன்னூர் தம்பி: வர்க்கியை ஏன் இழுக்கிறீர்கள், நான் கரடியைப் பற்றிக் கேட்டேன்.

கோத்தகிரிக்காரி: இவர் இப்படித்தான் தம்பி, மாட்டிக்கொண்டால் பேச்சை மாற்றுவார். எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும், குடிப்பது டீயா தண்ணீரா என்பது எங்கள் இஷ்டம். பத்தரைக்கெல்லாம் நன்றாகத் தூங்கிவிடுகிறேன்.

ஊட்டி வாசி: தூங்குவது வேறு, ஆழ்ந்து தூங்குவது வேறு. அடினோசினுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கோத்தகிரிக்காரி: 7 மணியாகிவிட்டது, டீ போடப் போகிறேன். நாளைக்கு வந்து சொல்கிறேன் உங்கள் அடினோசினுக்கு.