கிளினிக் போகும் முன் பூனைக்கு கேபபென்டின்: எப்போது, எவ்வளவு, எதில் கலந்து?

கோவைப்பூனை கேட்டது:
ஆண் பூனை, கருத்தடை ஆனது, 6 வயது, 4.2 கிலோ. கேரியரைப் பார்த்ததும் பீரோவுக்கு அடியில் போய்விடும். மேஜையில் வைத்தால் சிறுநீர் கழித்துவிட்டுக் கடிக்கப் பாயும். இந்த முறை ரேபிஸ் ஊசியோடு ரத்தப் பரிசோதனையும் உண்டு. பயத்தைத் தணிக்க டாக்டர் கேபபென்டின் 100 மி.கி. எழுதியிருக்கிறார், காலை 10.30-க்கு வரச் சொன்னார். எத்தனை மணிக்குக் கொடுப்பது? மெடிக்கலில் 300 மி.கி. காப்ஸ்யூல்தான் இருக்கிறதாம், பிரித்துக் கொடுக்கலாமா?

மருந்துப்பெட்டி:
300-ஐப் பிரிக்க வேண்டாம். பொடியைக் கண்ணளவில் மூன்றாக்கினால் ஒரு பங்கு 70 ஆகவும் இன்னொன்று 130 ஆகவும் போகும். 100 மி.கி. காப்ஸ்யூல் தனியாகவே வருகிறது, இரண்டு கடை கேட்டுப் பாருங்கள். அட்டையில் கேபபென்டின் மட்டும்தான் இருக்க வேண்டும். நம் ஊரில் நரம்பு வலிக்கு நார்ட்ரிப்டிலின் அல்லது மெத்தில்கோபாலமின் சேர்த்த கலவை மாத்திரைகள்தான் அதிகம் ஓடுகின்றன, பெயருக்குப் பின்னால் என்.டி., எம்.இ. என்று இருக்கும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். நார்ட்ரிப்டிலின் பூனையின் இதயத்துடிப்பையே குழப்பக்கூடியது. மனிதர்களுக்கான திரவ மருந்தும் வேண்டாம், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும்.

4.2 கிலோவுக்கு 100 மி.கி. சரியான அளவுதான். 10.30-க்குப் போக வேண்டுமென்றால் 8 மணிக்குக் கொடுங்கள். வேலை செய்ய 2 முதல் 3 மணி நேரம் எடுக்கும். 2017-இல் கலிபோர்னியாவில் 20 பூனைகளிடம் செய்த ஆய்வில், கேரியரில் ஏற்றுவதற்கு 90 நிமிடம் முன்பு 100 மி.கி. கொடுத்தார்கள். பதற்றம் குறைந்தது, மயக்கம் 8 மணி நேரத்துக்குள் தெளிந்தது. பூனை பயந்து ஓடி ஒளிந்த பிறகு கொடுத்தால் அதே அளவு சரியாக வேலை செய்யாது. அதனால் மருந்து உள்ளே போய் இரண்டு மணி நேரம் ஆகும்வரை கேரியரைக் கையில் எடுக்கக் கூடாது, பூனையைத் துரத்தவும் கூடாது.

காப்ஸ்யூலைத் திறந்து பொடியை ஒரு டீஸ்பூன் மசித்த மீனிலோ பூனைகளுக்கான கிரீம் ட்ரீட்டிலோ கலக்குங்கள். தட்டு நிறையச் சோற்றில் கலந்தால் கசப்பு தெரிந்து பாதியை விட்டுவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று உங்களுக்கும் தெரியாது. குழம்பு மீன் ஆகவே ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பொடியை நேராக வாயில் போட்டால் நுரை நுரையாக எச்சில் வடியும். அது கசப்பினால்தான், விஷம் ஏறிவிட்டது என்று பதற வேண்டாம். முழுசாக விழுங்க வைத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர் மெதுவாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் காப்ஸ்யூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

மிக முக்கியம்: போக வேண்டிய நாளுக்கு முன்பே, நீங்கள் வீட்டில் இருக்கும் ஒரு நாளில், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். பின்னங்கால் தள்ளாடும், மூன்றாவது இமை (கண்ணின் உள்மூலையில் இருக்கும் சவ்வு) லேசாகத் தெரியும், தூங்கும். இதெல்லாம் இயல்பு. கூப்பிட்டால் தலை தூக்க வேண்டும். தூக்கவில்லை என்றால் அளவு அதிகம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அன்று மொட்டை மாடி, பால்கனி, அலமாரி உச்சி எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். தாவிக் கீழே விழுந்தால் மருந்தைவிட அதுதான் ஆபத்து.

கூண்டுவாசி:
மருந்து பாதி வேலைதான், மீதி கேரியர். மேல்பாதி கழலும் பிளாஸ்டிக் கேரியராக இருந்தால் நல்லது. கிளினிக்கில் மேல்மூடியை மட்டும் எடுத்துவிட்டு, பூனை அடித்தட்டில் படுத்திருக்கும்போதே ஊசி போட்டுவிடலாம். வாசல் வழியாகக் கையை விட்டு இழுப்பதில்தான் பாதிக் கடி விழுகிறது. ஒரு வாரம் முன்பே கதவைக் கழற்றி, அது படுக்கும் துணியை உள்ளே போட்டு, ஹாலில் வைத்துவிடுங்கள், சாப்பாடும் அதற்குள்ளேயே. ஆட்டோவில் துண்டால் மூடி மடியில் வையுங்கள், கைப்பிடியில் தொங்கவிட்டு ஆட்டாதீர்கள். நாய்கள் இருக்கும் காத்திருப்பு அறையில் உட்காராமல் வெளியே நிழலில் நின்றுகொண்டு, முறை வந்ததும் கூப்பிடச் சொல்லுங்கள்.

கோவைப்பூனை:
நன்றி. வீட்டில் 13 வயது பூனை ஒன்றும் இருக்கிறது, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2.9. அதற்கும் இதே அளவா? தூக்கம் வரட்டும் என்று சிலர் டயசெபாம் சொல்கிறார்கள்.

கால்நடைமருத்துவர், மதுரை:
வயதான பூனைக்கு அதே அளவு கூடாது. கேபபென்டின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் 2.9 என்றால் பாதியில் தொடங்குவோம், அதுவும் அதைப் பார்க்கும் மருத்துவர் சொன்ன பிறகு. தள்ளாட்டம் மறுநாள் வரைகூட நீடிக்கலாம். பாஸ்பரஸைக் குறைக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு கொடுக்கிறீர்கள் என்றால் இரண்டுக்கும் நடுவே 2 மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கேபபென்டின் சரியாக உறிஞ்சப்படாது.

டயசெபாம் மாத்திரை பூனைக்கு வேண்டவே வேண்டாம். வாய்வழி கொடுத்த சில பூனைகளுக்குக் கல்லீரல் செயலிழந்து இறப்பு வரை போயிருக்கிறது, எந்தப் பூனைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏஸ்ப்ரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்பு அசையாது, பயம் மட்டும் அப்படியே இருக்கும். திடீரென்று எழுந்து கடிக்கும்.

100 மி.கி.க்கு அடங்கவில்லை என்றால் வீட்டிலேயே இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். போன் செய்யுங்கள். முந்தின இரவு ஒரு வேளை, காலையில் ஒரு வேளை என்று மாற்றலாம், அல்லது கிளினிக்கில் ஊசி மயக்கம் தரலாம். ஊசி மயக்கத்துக்கு வாய்ப்பு இருந்தால் காலைச் சாப்பாடு கிடையாது, மருந்தோடு போகும் அந்த ஒரு டீஸ்பூனுக்கும் முன்பே அனுமதி கேளுங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மி.கி. கொடுத்தீர்கள் என்று சீட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள், மயக்க மருந்தின் அளவை அதை வைத்துத்தான் குறைப்போம். இதய முணுமுணுப்பு (துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் சத்தம்) இருப்பதாக யாராவது முன்பு சொல்லியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வழியில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வரிசையில் காத்திருக்காமல் நேராக உள்ளே வரலாம்.

திரும்பி வந்ததும் இரண்டு பூனைகளையும் அன்று இரவு வரை தனித்தனி அறையில் வையுங்கள். கிளினிக் வாசனையோடு தள்ளாடி வரும் பூனையை, வீட்டிலிருந்தது அந்நியன் என்று நினைத்து அடிக்கும்.