பழைய டிஎஸ்எல்ஆரா, நீர்புகா காம்பாக்டா? நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்

ஈரமண்:
வணக்கம். சித்தப்பா தன்னுடைய பழைய டிஎஸ்எல்ஆரை (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய காமிரா) எனக்குத் தருகிறேன் என்கிறார். பணமெல்லாம் வேண்டாம் என்கிறார். இன்னொரு பக்கம், தெரிந்த ஒருவர் தான் பயன்படுத்திய நீர்புகா காம்பாக்ட் (கையடக்கக் காமிரா) ஒன்றை விற்கிறார். இரண்டுமே 12 மெகாபிக்சல்தான், அதனால் படத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறேன். நான் தண்ணீர்ப் பக்கம் அதிகம் போகிறவன். எதை எடுத்துக்கொள்வது? நாளைக்குள் இருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஷட்டர்மணி:
எந்த டிஎஸ்எல்ஆர்? எந்த காம்பாக்ட்? டிஎஸ்எல்ஆரோடு என்ன லென்ஸ் வருகிறது? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது நண்பரே.

மூழ்காதான்:
தண்ணீர்ப் பக்கம் என்றால் கரையில் நின்று எடுப்பதா, உள்ளே இறங்கி எடுப்பதா? இறங்குவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், நீர்புகா காம்பாக்ட்தான். டிஎஸ்எல்ஆருக்குத் தண்ணீருக்கடிக் கூடு வாங்கப் போனால் காமிராவைவிடக் கூடு பெரிய செலவாகிவிடும். பிளாஸ்டிக் பை மாதிரி வரும் உறைகளும் இருக்கின்றன, ஆனால் அதற்குள் கையை விட்டு ஜூம் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள், அப்போது தெரியும்.

ஒளிச்செல்வன்:
12 மெகாபிக்சல் என்று சொல்லி இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள் என்றால் அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும். வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். நீர்புகா காம்பாக்ட்களில் இருப்பது பெரும்பாலும் 1/2.3 அங்குல சென்சார். ஏறத்தாழ 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. சாதாரண டிஎஸ்எல்ஆரில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் 23.6 மி.மீ.க்கு 15.8 மி.மீ. பெருக்கிப் பாருங்கள். பரப்பளவில் சுமார் 13 மடங்கு. அதே 12 மெகாபிக்சலை 13 மடங்கு பெரிய இடத்தில் பரப்பினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். இதைப் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

பழையகாமிரா:
சித்தப்பாவின் காமிரா எந்த வருடத்தது தம்பி? 2008-க்கு முந்தையது என்றால் சிசிடி என்ற பழைய வகை சென்சாராக இருக்கும். அதன் நிறமே தனி. இப்போது வரும் எந்தக் காமிராவிலும் அந்தத் தோல் நிறமும் அந்தப் பச்சையும் கிடைக்காது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈரமண்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். டிஎஸ்எல்ஆர் நிக்கான் டி90, கூட 18-105 லென்ஸ். காம்பாக்ட் ஒலிம்பஸ் டிஜி-6. பறவை, திருமணம், ஊர்சுற்றல் படம் எதுவும் எனக்கு வேண்டாம்.

ஷட்டர்மணி:
எது வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். எது வேண்டும்?

பழையகாமிரா:
டி90! அருமையான காமிரா. சிசிடி காலத்தின் கடைசி முத்து. விடாதீர்கள்.

ஒளிச்செல்வன்:
டி90-இல் இருப்பது சிமாஸ் என்ற புதிய வகை சென்சார், சிசிடி அல்ல. அதற்கு முந்தைய டி80-இல்தான் சிசிடி. டி40, டி60, டி3000 எல்லாம் சிசிடி. டி90 வந்தது 2008-இல், வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். ஆண்டை மட்டும் வைத்து சென்சாரைச் சொல்ல முடியாது. டி3000 வந்தது டி90-க்கு அடுத்த ஆண்டு, ஆனால் அது சிசிடி.

பழையகாமிரா:
சிமாஸாகவே இருக்கட்டும். அந்தக் காலத்து நிக்கான் நிறம் இருக்கிறதே, அது இன்றைக்கு இல்லை. டி80, டி90 இரண்டையும் கையில் வைத்துப் பல வருடம் எடுத்தவன் சொல்கிறேன்.

அரைநிறுத்தம்:
நிறத்தை முடிவு செய்வது சிசிடியா சிமாஸா என்பது அல்ல ஐயா. சென்சார் மேல் இருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் எப்படிப் பிரிக்கின்றன, பிறகு காமிராவோ கணினியோ அதை எப்படிச் சமைக்கிறது, இவைதான். ரா கோப்பாக, அதாவது காமிரா சமைக்காத மூலத் தரவாக எடுத்துக் கையால் பதப்படுத்தினால் நீங்கள் சொல்லும் அந்தப் பச்சையை இன்றைய காமிராவிலும் கொண்டுவரலாம்.

பழையகாமிரா:
கொண்டுவரலாம் என்பது வேறு, அதுவாகவே வருவது வேறு. ஒவ்வொரு படத்துக்கும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தால் படம் எடுப்பது எப்போது?

அரைநிறுத்தம்:
ஒரு தடவை அமைப்பைச் செய்து சேமித்துவிட்டால் போதும், ஒவ்வொரு படத்துக்கும் உட்கார வேண்டாம். இதைத் தனியாகப் பேசுவோம். கேட்டவருக்கு நாளைக்குள் பதில் வேண்டுமாம்.

ஈரமண்:
தவளைகள். மழைக்காலத்தில் இரவில் குளத்தோரம் போய்த் தவளைகளை எடுக்க வேண்டும். முடிந்தால் தண்ணீருக்குள் இருக்கும் தலைப்பிரட்டைகளையும். இனம் கண்டுபிடிக்கிற அளவுக்குப் படம் தெளிவாக இருந்தால் போதும், சுவரில் மாட்டப் போவதில்லை. இதுவரை ஃபோனில் எடுத்தேன், மழையில் தொடுதிரை வேலை செய்யாமல் பாதிப் படங்கள் போய்விட்டன.

நீர்ச்சிலந்தி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! நானும் இதே வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தவளை இனம் காண முதுகுப் படம் மட்டும் போதாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் செவிப்பறை, விரல் நுனி, விரல்களுக்கு நடுவே சவ்வு எதுவரை வருகிறது, தொடையின் உட்புறக் கோடுகள், இவ்வளவும் வேண்டும். அதாவது மிக அருகில் போக வேண்டும், தரையோடு தரையாகப் படுக்க வேண்டும். சேற்றில் காமிராவைக் கீழே வைக்கவும் தயங்கக் கூடாது. டி90-க்கு மழைக்கான அடைப்பு எதுவும் கிடையாது. தூறலில் ஒரு துணியைப் போர்த்திச் சமாளிக்கலாம், கொட்டுகிற மழையில் மனம் முழுக்கக் காமிரா மேலேயே இருக்கும், தவளை மேல் இருக்காது.

தலைப்பிரட்டைக்கு வருவோம். அதன் வாயைச் சுற்றி வரிசை வரிசையாக மிகச் சிறிய பற்கள் இருக்கும், நடுவில் அலகு மாதிரி கறுப்பாக ஒன்று. எத்தனை வரிசை, எங்கே இடைவெளி என்பதை வைத்துத்தான் பல தலைப்பிரட்டைகளைப் பிரித்துச் சொல்ல முடியும். கண்ணால் பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். டிஜி-6-இன் மைக்ரோஸ்கோப் முறையில் லென்ஸ் முகப்பிலிருந்து 1 செ.மீ. வரை போகலாம். கண்ணாடித் தட்டில் குளத்துத் தண்ணீரோடு விட்டு, அடியிலிருந்து எடுத்தால் அந்தப் பல்வரிசை ஒவ்வொன்றாகத் தெரியும். எடுத்த கையோடு அதே இடத்தில் தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

காமிராவுக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொசுவிரட்டி களிம்பு தடவிய கையால் தவளையைத் தொடாதீர்கள், அது தோல் வழியாகவே நீரையும் காற்றையும் எடுத்துக்கொள்ளும் உயிர். ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும் முன் செருப்பையும் வலையையும் கழுவிக் காயவைத்துவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை நோய் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு பரவும்.

ஒளிச்செல்வன்:
மைக்ரோஸ்கோப் முறை என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். 1 செ.மீ. தூரத்தில் காமிராவின் நிழலே பொருள் மேல் விழும். வெளிச்சம் எங்கிருந்து வரும்? இரவில், 1/2.3 அங்குல சென்சாரில், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 1600-க்கு மேல் போனால் நுணுக்கம் எல்லாம் கரைந்துவிடும். டி90-ஓடு ஒரு தனி ஃபிளாஷ் வைத்துக்கொண்டால் அதன் உள்ஃபிளாஷே கம்பியில்லாமல் அதை இயக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் தோலின் ஒவ்வொரு மருவும் தெரியும். முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இதைத்தான் தேர்வு செய்வார்.

நீர்ச்சிலந்தி:
நிழல் விழும் என்பது சரி. அதற்காகத்தான் எல்ஜி-1 என்ற ஒளிவளையம் இருக்கிறது. முன்பக்கம் இருக்கும் சிறு எல்இடி வெளிச்சத்தை லென்ஸைச் சுற்றிப் பரப்பித் தரும். எஃப்டி-1 என்ற இன்னொன்று உள்ஃபிளாஷைப் பரப்பும், அசையும் உயிருக்கு அதுதான் நல்லது. ஃபிளாஷ் இருந்தால் ஐஎஸ்ஓவைக் குறைவாகவே வைக்கலாம். விற்பவரிடம் இந்தத் துணைப்பொருள்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

அப்புறம், அருகில் போகப் போகக் கூர்மை விழும் ஆழம் குறையும். பெரிய சென்சாரில் கண் தெளிவாக வந்தால் மூக்கு மங்கும், லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்கிச் சுருக்கித்தான் சமாளிக்க வேண்டும். சிறிய சென்சாரில் அந்தத் தொல்லை குறைவு. நீங்கள் குறையாகச் சொல்வது இந்த ஒரு வேலைக்கு மட்டும் உதவியாக இருக்கிறது.

ஷட்டர்மணி:
18-105 லென்ஸ் 45 செ.மீ.க்குக் கிட்டே குவியாது. மிக அருகில் போனாலும் பொருளின் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் சென்சாரில் விழும். விரல் நீளத் தவளைக்குப் போதும், தலைப்பிரட்டையின் வாய்க்குப் போதாது. ரேனாக்ஸ் டிசிஆர்-250 மாதிரி, அருகில் குவிக்க உதவும் துணை லென்ஸ் ஒன்றை முன்னால் மாட்டலாம், இந்த லென்ஸின் 67 மி.மீ. வாய்க்கு அது பொருந்தும். இன்னொரு விஷயம், டி90 எஸ்டிஎச்சி கார்டு வரைதான் ஏற்கும். 32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். பேட்டரியில் டி90-தான் ராஜா, கணக்குப்படி சுமார் 850 படம். டிஜி-6 சுமார் 340. எதை எடுப்பதாக இருந்தாலும் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பூஞ்சை இருக்கிறதா என்று.

மூழ்காதான்:
நீர்புகா காமிரா என்றால் தூக்கித் தண்ணீரில் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டிஜி-6-க்கு 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தாங்கும் என்பதெல்லாம் அடைப்பு சுத்தமாக இருக்கும்வரைதான். பேட்டரிக் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் இருக்கும். அதன் மேல் ஒரு மணல் துகளோ ஒரு முடியோ ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே உள்ளே கசிந்துவிடும். என்னிடம் இருந்த ஒரு நீர்புகா காமிரா அப்படித்தான் போனது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, எல்லாவற்றிலும் அடைப்பு ஒன்றுதான். பயன்படுத்திய காமிரா வாங்குகிறவர் அந்த ரப்பரை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். தெரியாது என்று சொன்னால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

குளத்தோரத்தில் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள். கிளம்பும்போதே முழு சார்ஜ், காலியான கார்டு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும்.

பழையகாமிரா:
சும்மா கிடைப்பதை ஏன் விட வேண்டும்? டி90-ஐயும் வாங்கி வைத்துக்கொண்டு, காம்பாக்டையும் வாங்குங்கள் தம்பி. இதில் என்ன குழப்பம்?

ஈரமண்:
அதில்தான் சிக்கல் ஐயா. டி90-ஐச் சித்தப்பா மகனும் கேட்கிறான். நான் உண்மையிலேயே பயன்படுத்துவதாக இருந்தால் எனக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்கிறார். வாங்கி அலமாரியில் வைத்தால் அவர் மனசு கஷ்டப்படும்.

ஒளிச்செல்வன்:
அப்படியானால் கற்றுக்கொள்ளும் ஆர்வம் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தவளையின் இனத்தைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும்தான் படம் என்றால் காம்பாக்ட் போதும், இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல ஒளியமைப்பில் எடுத்த ஒரு தவளைப் படத்தைப் பார்த்துவிட்டால் பிறகு அது போதாது என்று உங்களுக்கே தோன்றும். என் கவலை அதுதான். டிஜி-6 எடுத்தால் குறைந்தபட்சம் ரா கோப்பாக எடுங்கள்.

அரைநிறுத்தம்:
இதில் ஒளிச்செல்வனோடு உடன்படுகிறேன், ரா கட்டாயம். குளத்துத் தண்ணீர் பழுப்பும் பச்சையுமாக இருக்கும், காமிரா வெள்ளையைத் தப்பாகப் பிடிக்கும். தவளையின் நிறமும் அடையாளத்தில் ஒரு பகுதிதானே. ஒரு வெள்ளை அட்டையைக் கூட வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரி செய்யலாம்.

நீர்ச்சிலந்தி:
ஏசி காரிலிருந்து இறங்கிய உடனே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டு லென்ஸ் புகைந்துவிடும், இது இரண்டு காமிராவுக்கும்தான். மூடிய பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளிச்சூட்டுக்கு வந்ததும் எடுங்கள். டிஜி-6-இல் தண்ணீருக்கடி மைக்ரோஸ்கோப் முறை தனியாக இருக்கிறது. தட்டு இல்லாமல் காமிராவையே மெல்ல தண்ணீருக்குள் இறக்கிப் பழகுங்கள். சேற்றைக் கலக்கிவிட்டால் மறுபடி தெளிய நேரமாகும்.

ஈரமண்:
எல்லோருக்கும் நன்றி. டி90 லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தேன், பின்பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்திருக்கிறது. சித்தப்பாவுக்கே தெரியாது. அதைச் சித்தப்பா மகனான தம்பிக்கே கொடுக்கச் சொல்லிவிட்டேன், டிஜி-6 வாங்கிவிட்டேன். எல்ஜி-1 கூடவே கொடுத்தார். ரப்பர் எப்போது மாற்றினார் என்று அவருக்கு நினைவில்லை, மாற்றக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் குளத்துக்குப் போகிறேன்.

ஷட்டர்மணி:
நல்லது. தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள், அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். பூஞ்சை ஓரத்தில் மட்டும்தான் என்றால் இப்போதே சுத்தம் செய்யக் கொடுத்துவிடலாம். நாளானால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் போகாது. பாடியில் குறை ஒன்றும் இல்லை என்றால் அவனுக்கு அது நல்ல காமிராதான்.

பழையகாமிரா:
உங்கள் தம்பிக்கு வாழ்த்துகள். லென்ஸ் சரியாகும்வரை 35 மி.மீ. எஃப்/1.8 ஒன்றை மாட்டிக்கொள்ளட்டும். டி90-இல் ஃபோகஸ் மோட்டார் பாடியிலேயே இருப்பதால் சொந்த மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களும் தானாகக் குவியும். நிறம் எப்படி வருகிறது என்று அவனையும் இங்கே எழுதச் சொல்லுங்கள்.

மூழ்காதான்:
ரப்பர் மாற்றி வந்ததும் நேரே குளத்துக்குப் போகாதீர்கள். பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, கதவைப் பூட்டி, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்துப் பாருங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.