டிக்யூபஃப் அழைத்தால் பழைய ஃபிரேம் வருகிறது

கேள்வி (பர்கூர்)
கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றின் கன்வேயரில் வரும் தோத்தாபுரிப் பழங்களில் அழுகியவற்றைப் பிரிக்க நிரல் எழுதி வருகிறேன். யூஎஸ்பி கேமராவை லினக்ஸில், கேமராக்களுக்கான வீடியோ ஃபார் லினக்ஸ் 2 இடைமுகத்தின் ஐஆக்டில் அழைப்புகளால் (டிரைவர் மென்பொருளுக்குக் கட்டளை அனுப்புபவை) சி மொழியில் நேரடியாக இயக்குகிறேன். எம்மேப் செய்த, அதாவது நிரலின் நினைவகத்தோடு இணைத்த, பஃபர்கள் (படங்களைத் தற்காலிகமாக வைக்கும் இடங்கள்) நான்கு. பழம் வந்ததை உணரி தெரிவித்ததும் டிக்யூபஃப் (பஃபரை வரிசையிலிருந்து எடுக்கும் அழைப்பு) அழைத்து, படத்தைச் சோதித்த உடனே பஃபரை வரிசையில் திரும்பச் சேர்க்கிறேன். தொடக்கத்தில் நான்கு முறை வெறும் பட்டைதான் தெரிகிறது. அதன்பின் எப்போதும் நான்கு பழங்களுக்கு முன் கடந்துபோனதே படத்தில் இருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

மறுமொழி (ஓசூர்)
ஐயா, காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நிரம்பிய பஃபர்களில் மிகப் பழையதை எடுத்துத் தருவதே டிக்யூபஃபின் வேலை. அது புதிதாகப் படம் எடுப்பதில்லை. ஸ்ட்ரீம்ஆன் (படமெடுப்பைத் தொடங்கும் அழைப்பு) கொடுத்தவுடன் நான்கு பஃபர்களும் வெறும் பட்டையின் படங்களால் நிரம்பிவிடுகின்றன, அதற்குமேல் எழுத இடமில்லாததால் டிரைவர் வரும் ஃபிரேம்களைக் கைவிடுகிறது. நீங்கள் முதல் பழத்தின்போது திருப்பித் தந்த பஃபர் அப்போதே நிரம்பி, ஐந்தாவது பழம் வரும்வரை வரிசையில் காத்திருக்கிறது.

தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதி) ஒன்று ஓயாமல் எடுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கட்டும்; கடைசியாக வந்த சில ஃபிரேம்களை மட்டும் நகலெடுத்து வைத்தால் போதும். ஒவ்வொரு பஃபருடனும் டிரைவர் நேரமுத்திரை தருகிறது. யூஎஸ்பி கேமராக்களுக்கான யூவிசி டிரைவரில் அது இயல்பாக மோனோடோனிக் கடிகாரத்தை (பின்னோக்கிச் செல்லாத கணினிக் கடிகாரம்) சார்ந்தது. உணரியின் சமிக்ஞையையும் அதே கடிகாரத்தில் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு மிக நெருங்கிய ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். அடிமட்ட அழைப்புகளில் எழுதுவதன் உண்மையான பயன் இங்கேதான் கிடைக்கிறது.

மறுமொழி (பாலக்கோடு)
எக்ஸ்போஷரையும் (ஒரு படத்துக்குக் கேமரா ஒளி வாங்கும் நேரம்) கவனியுங்கள். பட்டை நொடிக்கு அரை மீட்டர் ஓடினால், 1/30 நொடி எக்ஸ்போஷரில் பழம் ஏறத்தாழ 17 மி.மீ. இழுபட்டுத் தெரியும், சிறிய அழுகல் புள்ளி அதில் கரைந்துவிடும். தானியங்கி முறையை நிறுத்தி, எக்ஸ்போஷர் அப்சொல்யூட் என்ற அமைப்பின் மதிப்பை 10 என வையுங்கள். அதன் அலகு 100 மைக்ரோநொடி என்பதால் அது 1 மில்லிநொடி ஆகும். அதற்கேற்ப வெளிச்சம் கூட வேண்டும். டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிப்பதால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். டிசி மின்சாரத்தில் எரியும் எல்இடியே நல்லது.

கேட்டவர்
நன்றி. பஃபரை ஒன்றாகக் குறைத்தால் போதாதா?

மறுமொழி (ஓசூர்)
போதாது. ஒரு பழம் பின்தங்கிய படமே அப்போதும் வரும். மேலும் ரெக்பஃப்ஸில் (பஃபர்களைக் கோரும் அழைப்பு) நீங்கள் கேட்கும் எண்ணிக்கையை டிரைவர் மாற்றித் தரலாம். திரும்பி வரும் மதிப்பைப் பார்த்த பிறகே எம்மேப் செய்யுங்கள்.